கரையோரப் புள்ளிகள்

மன்னார் வளைகுடாவின் வரைபடத்தைச் சித்தப்பா கண்ணருகே பிடித்துத் தேடியது இன்னும் நினைவில் நிற்கிறது. கடல்மட்டம் ஏறிய இடமெல்லாம் சிவப்பு. கரையை ஒட்டிய பட்டை மட்டும் வெள்ளை; தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் எங்கள் ஊரும் அதற்குள்தான். "ஏட்டி, இதுல நம்ம ஊரக் காணலியே?" என்றார்.

செயற்கைக்கோள் கடலை நோக்கி ரேடார் அலையை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துக் கடலின் உயரத்தைக் கணக்கிடுகிறது. கரைக்குப் பக்கத்தில் மணலும் மரமும் கூரையும் அந்த எதிரொலியைக் கெடுத்துவிடும். ஆகவே வரைபடம் போடும்போது கரையோர அளவீட்டுப் புள்ளிகளைத் தூக்கிப் போட்டுவிடுவோம். நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் இதற்குச் 'சுத்தம் செய்தல்' என்று பெயர். எவ்வளவு நல்ல பெயர்!

சித்தப்பா வள்ளத்தில் மீன்பிடித்துச் சம்பாதித்துக் கட்டிய வீடு கடைசித் தெருவில் இருந்தது. கடலைத் தடுக்கப் போட்ட கல்சுவர் அதற்கு முந்திய தெருவோடு நின்றுபோயிற்று. கொஞ்சம் நீட்டிப் போட்டால் வீடு பிழைக்கும். சுவருக்கு நிதி ஒதுக்கும் அதிகாரி அறிவியல் ஆதாரம் கேட்டதால்தான் சித்தப்பா என்னிடம் வந்தார். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு வந்தவரை நானே அந்த அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன்.

அதிகாரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க ஊர்ல கடல் ஏறினதா இதுல இல்லையே, அண்ணாச்சி."

"நேத்து அடுக்களைக்குள்ள தண்ணி வந்துட்டு சார். சட்டியெல்லாம் மெதக்கு."

வெள்ளை என்றால் அளக்கவில்லை என்றுதான் பொருள், ஏறவில்லை என்பதல்ல என்று நான் சொன்னேன். அளக்காததற்கு நிதி ஒதுக்க முடியாது என்றார் அவர். வெளியே வந்ததும் சித்தப்பா கேட்டார்: "ஒங்க கடலு வேற, எங்க கடலு வேறயாட்டி?" எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் அந்தத் தெருவே கடலோடு போயிற்று. இப்போது அவர் பாளையங்கோட்டையில் ஒரு துணிக்கடை வாசலில் விசில் ஊதி வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறார். கடல் பக்கம் போவதே இல்லை.

கரையை ஒட்டியும் அளக்கக்கூடிய புதிய செயற்கைக்கோள் ஒன்றின் தரவு சமீபத்தில் என் மேசைக்கு வந்தது. சக ஊழியர்கள் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள். நான் எங்கள் ஊரைத் தேடித் திரையில் பெரிதாக்கினேன். சித்தப்பாவின் தெரு இருந்த இடத்தில் புள்ளிகள் வரிசையாக விழுந்திருந்தன. தரம்: நன்று. எதிரொலியைக் கெடுக்க அங்கே இப்போது ஒரு கூரைகூட இல்லை.