கொண்டை ஊசி வளைவில் ஒரு சம்பளக் கணக்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு, போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஓர் அம்மா வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை ஜீப்பில் மலைக்குப் போய்க் கூலிக்கு ஏலக்காய் எடுத்தவள் நான். மொத்தச் சம்பளம் பன்னிரண்டாயிரம், பிடித்தம் போகக் கைக்குப் பத்தரை என்று அம்மா சொன்னார். தபால் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்தும் வாங்கினார். என் காதில் விழுந்ததென்னவோ பன்னிரண்டாயிரம் மட்டும்தான். அதை நம்பி மகளை நர்சிங்கில் சேர்த்து, விடுதிக்கு மாதாமாதம் கட்டுவதாக ஒப்புக்கொண்டும் வந்துவிட்டேன்.

முதல் மாதம் கவரைப் பிரித்தால் பத்தரை. ஆயிரத்து ஐநூறு குறைந்திருந்தது. மலையிலும் ஜீப் வாடகை, சாக்கு எடை என்று பிடிப்பார்கள். பிடித்தது என்றைக்கும் திரும்பியதில்லை. இங்கேயும் அதே கதைதானா? மறுநாள் விடிகாலை, சமையலறைச் சாவியை அம்மா வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு, பழையபடி ஜீப்பில் ஏறிவிட்டேன்.

வண்டி கிளம்பும்போது, கேட்டில் சாவியைப் பார்த்துவிட்டு அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டிரைவர், "நேரமாச்சும்மா, நிக்க முடியாது" என்றார். சொந்தக் காரைத் தவிர எதிலும் ஏறாத அந்த அம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்!

பெண்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, "ஏத்தா, பிடிச்ச காச நான் எடுத்துக்கல. தபால் ஆபீசுல ஒன் பேருலதான் கெடக்கு" என்று ஆரம்பித்தார்.

போடிமெட்டு வளைவுகளில் அவர் முகம் வெளுத்தது. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன். வாயைக் கொப்பளித்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எங்கத்தா விட்டேன்? ஆங், நீ போடுற அளவுக்கு நானும் போடுறேன்" என்று தொடர்ந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"இத அன்னைக்கே நிறுத்திச் சொல்லியிருக்கலாம்லம்மா. பிள்ள படிப்புக்கு அத நம்பியில்ல இருக்கேன்" என்றேன்.

"தப்புத்தாத்தா. வெரசாச் சொல்லிட்டேன். ஒனக்குத் தோதுப்படலைன்னா இனிமே பிடிக்க மாட்டேன்."

கொஞ்சம் யோசித்து, "மக படிப்பு முடியிற வரைக்கும் ஐநூறு மட்டும் பிடிங்க" என்றேன்.

"சரித்தா. ஆனா நான் போடுறத நான் கொறைக்க மாட்டேன்."

பக்கத்திலிருந்த அக்கா, "எங்ககிட்ட பிடிக்கிறது எங்கம்மா போகுது?" என்று கேட்டார்.

"தெரியலத்தா. பிடிக்கிறவுககிட்ட கேளுங்க" என்றார் அம்மா. அந்த அக்கா தன் பிடித்தக் கணக்கை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

மெட்டில் இறங்கி பஸ்ஸில் திரும்பினோம். அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார்.

இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். எத்தனையோ பேர் எனக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால், என் சம்பளம் எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மலையேறி வந்தவர் இவர் ஒருவர்தான்.