மெஹராஜ் பேகம் வாங்கிய பழைய கார்

முத்துப்பேட்டை கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் மெஹராஜ் பேகத்தின் தையல் கூடம் இருக்கிறது. கூடம் என்றால் வீட்டின் முன்னறைதான். நான்கு மிஷின், நான்கு பெண்கள், சுவரோரம் கழுத்தளவுக்கு அடுக்கிய துணி. நைட்டி தைத்துக் கடைகளுக்கு மொத்தமாகப் போடுகிறார். கணவர் மீரா உசேன் சவூதியில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். மகள் நிலோஃபர் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருவாரூர் என்று வாரம் மூன்று நாள் சரக்கு போக வேண்டும். பத்து வருடமாக அதை மெஹராஜ் பஸ்ஸில்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், பஸ்ஸில் கூட்டம் அதிகம். மூட்டையைப் பின்படி ஓரமாக வைக்கச் சொன்னார்கள். ஒரு வளைவில் மூட்டை இறங்கிவிட்டது. மெஹராஜ் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் திரும்பி நடந்துபோய்ப் பார்த்தால், களை எடுக்க வந்த பெண்கள் மூட்டையைப் பத்திரமாக வரப்பில் ஏற்றி வைத்துக் காவல் இருந்தார்கள். காவல் இருந்த நேரத்தில் கிழிந்த ஓரத்து வழியாக ஆளுக்கொரு கலரைத் தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தார்கள். ஐந்து நைட்டி அங்கேயே விற்றது. ஆனாலும் வெயிலில் நடந்த கால் வலி ஒரு வாரம் போகவில்லை. அந்த வாரமே மெஹராஜ் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். அப்போது வயது நாற்பத்து நான்கு. முதல் தடவை எட்டு போடும்போது கம்பைத் தட்டிவிட்டார். இரண்டாவது தடவை லைசென்ஸ் கையில் வந்தது.

புதுக் கார் கட்டுப்படியாகாது. பழையதில் சின்ன வண்டியாக ஒன்று போதும், பின் சீட்டை மடக்கினால் நூறு நைட்டி பிடிக்க வேண்டும். அடுத்த தெரு சித்தீக்கிடம் போனார். கத்தாரில் பன்னிரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். இருவரும் பட்டுக்கோட்டையில் பழைய கார் விற்கிற ஓர் இடத்துக்குப் போனார்கள்.

அங்கே ஒரு வெள்ளைக் கார் கண்ணாடி மாதிரி நின்றது. சித்தீக் இஞ்சினைப் பார்த்தார், ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தார், குனிந்து அடியைப் பார்த்தார். "இஞ்சின் நல்லாத்தான் இருக்கு ராத்தா" என்று அக்கா முறை வைத்துச் சொன்னார். மெஹராஜுக்கு இஞ்சின் தெரியாது. ஆனால் துணி தெரியும். உள்ளே உட்கார்ந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். விரலுக்குத் தையல் தட்டுப்பட்டது.

"சித்தீக்கு, இந்த சீட்டைப் பிரிச்சுத் திருப்பித் தச்சிருக்காங்க. இது கம்பெனி நூல் இல்ல. வீட்டு மிஷின்ல ஓட்டின தையல்."

"சீட் கவர் மாத்தியிருப்பாங்க."

"மேல இருக்கிறது கவர். நான் சொல்றது உள் துணி. பஞ்சு வரைக்கும் நனைஞ்சாத்தானே அதைப் பிரிப்பாங்க?"

சித்தீக் வந்து சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தார். முதல் ஒரு முழம் பளிச்சென்று இருந்தது. அதற்கு மேல் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை, அதன் மடிப்பில் பொடிப்பொடியாகச் சேறு. ஏதோ ஒரு வெள்ளத்தில் ஜன்னல் மட்டத்துக்கு மூழ்கி நின்ற வண்டி. பிறகு மெஹராஜ் வெளியே வந்து வலது பக்கக் கதவைக் காட்டினார். "இந்த வெள்ளையும் அந்த வெள்ளையும் ஒரே வெள்ளை இல்ல. வேற வேற லாட்டுல வந்த துணி மாதிரி இருக்கு." கதவு மாற்றிப் பெயின்ட் அடித்தது. கடைக்காரர் அதற்குள் வேறு ஒருவரிடம் பேசப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது சித்தீக் சொன்னார்: "அடுத்த வண்டிக்கு நீங்க தனியாவே போங்க ராத்தா. சந்தேகம்னா வீடியோ கால் போடுங்க. ஒண்ணே ஒண்ணு. பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா ஸ்டார்ட் பண்ணாதீங்க. சூடான இஞ்சின்ல பாதி நோவு வெளிய தெரியாது."

அடுத்த வண்டியை நிலோஃபர் போனில் பார்த்து அனுப்பினாள். குடவாசல் பக்கம் ஒரு கிராமம். ஒன்பது வருடம் ஓடிய சின்னக் கார். விற்பவர் செல்லதுரை. அவருடைய அப்பாவும் அம்மாவும் அதே ஊரில் பிறருடைய நிலத்தில் கூலிக்கு நட்டவர்கள். செல்லதுரை தன் காலத்தில் இரண்டு ஏக்கர் வாங்கினார். மகன் அன்பரசன் சென்னையில் இன்ஜினியர். மூன்று வருடத்துக்கு முன் அவன் வாங்கிக் கொடுத்த கார் இது. அந்தத் தெருவுக்கே அதுதான் முதல் கார்.

மேட்டூர் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த வாரம் அது. மெஹராஜ் இரண்டு பஸ் மாறி ஒன்பது மணிக்குப் போய் இறங்கினார். கார் குளித்த பிள்ளை மாதிரி வாசலில் தண்ணீர் சொட்ட நின்றது. மெஹராஜ் சலாம் சொல்லவும் மறந்து முதலில் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். சுட்டது.

"காலையில எங்கயாவது போயிட்டு வந்தீங்களாண்ணே?"

"இல்லம்மா. நீங்க வர்றீங்கன்னு அரை மணி நேரம் ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டேன். சாவி போட்டதும் டக்குனு பிடிக்கணும்ல?" செல்லதுரை சிரித்தார்.

மெஹராஜும் சிரித்தார். "அப்ப ஆறட்டும்ணே. நான் இருக்கேன்."

"எவ்வளவு நேரம்மா?"

"மூணு மணி நேரம் ஆகும்னு நினைக்கிறேன்."

செல்லதுரை வெயிலை அண்ணாந்து பார்த்தார். உள்ளே இருந்து அவர் மனைவி நீலாம்பாள் வந்தார். "அதுக்கு எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க, டீ போடுறேன்."

நீலாம்பாள் போட்டிருந்தது நாவல்பழக் கலர் நைட்டி. வலது பக்கம் ஆழமான பை, அதில் செல்போன். மெஹராஜ் டீயைக் கையில் வாங்கிக்கொண்டே அந்தப் பையைப் பார்த்தார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதைத் திருவாரூர்லதான எடுத்தீங்க?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"இது எங்க தையல்."

நீலாம்பாள் அதற்கு மகிழ்ச்சி அடைவார் என்று மெஹராஜ் எதிர்பார்த்தார். அவரோ நேராகக் கொடிக்குப் போய் இன்னொரு நைட்டியை உருவிக்கொண்டு வந்தார். "நல்ல வேளை, ஆளே வந்துட்டீங்க. பையைக் குறை சொல்ல முடியாது. ஆனா இந்தக் கழுத்தைப் பாருங்க. ஒரே தண்ணிதான், சுருக்கம் அப்படியே பிரிஞ்சிருச்சு."

மெஹராஜ் வாங்கிப் பார்த்தார். நூலை முடிச்சுப் போடாமல் விட்டிருந்தார்கள். துணியைச் சாக்குச் சொல்லலாம், துவைத்த சோப்பைச் சொல்லலாம். அவர் எதையும் சொல்லவில்லை. "எங்க தப்புதான்க்கா. ஊசி நூல் இருக்கா?"

இஞ்சின் ஆறுகிற நேரத்துக்குள் அதுவும் அதே மாதிரி பிரிந்த இன்னொன்றுமாக இரண்டு நைட்டியின் கழுத்து சரியானது. தைக்கத் தைக்கப் பேச்சு வளர்ந்தது. பிள்ளைகள், பஸ், மூட்டை வளைவில் இறங்கிய கதை எல்லாம் வந்தது. நீலாம்பாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க உள்ளதை உள்ளபடி ஒத்துக்கிட்டீங்க. நான் மட்டும் எதுக்கு மறைக்கணும்? டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கிட்டு அடியில பாருங்க."

மெஹராஜ் டிக்கியைத் திறந்து விரிப்பை எடுத்தார். ஸ்டெப்னி டயரைத் தூக்கி வெளியே வைத்தார். அந்தக் குழியில், துருவும் மண்ணும் சேர்ந்த ஓர் ஓரத்தில், மூன்று நெல் வெளிர் மஞ்சளாக முளைத்து விரல் உயரம் நின்றது.

செல்லதுரை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஊற வச்ச வெத நெல்லும்மா. நாத்தங்காலுக்கு எடுத்துட்டுப் போக வேற வண்டி கிடைக்கல. ரெண்டே தடவைதான்..."

"ரெண்டு தடவையா? மூணு வருஷமா!" என்றார் நீலாம்பாள்.

"பையனுக்குத் தெரியாதும்மா. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகத்தான் வாங்கிக் கொடுத்தான்."

மெஹராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிக்கியில் கிடந்த ஸ்குரூ டிரைவரால் குழியைத் தட்டிப் பார்த்தார். ஓர் இடத்தில் அது தகரத்துக்குள் இறங்கி அந்தப் பக்கம் போய்விட்டது. சித்தீக்குக்கு வீடியோ கால் போட்டார். அவர் காட்டச் சொன்ன இடத்தையெல்லாம் குனிந்து காட்டினார். "குழி மட்டும்தான் போயிருக்கு ராத்தா, சேசிஸ் நல்லா இருக்கு. வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வச்சு வெல்டு பண்ணிடலாம். பயப்படாதீங்க" என்றார் சித்தீக். பிறகு, "அது என்ன மஞ்சளா?" என்று கேட்டார். சொன்னதும் ஒர்க்‌ஷாப்பே சிரிப்பது போனில் கேட்டது. மெஹராஜ் மற்றதையும் பார்த்தார்: உள்ளே சீட்டுத் தையல் கம்பெனித் தையல்; பெல்ட் கடைசிவரை சுத்தம்; நான்கு கதவும் ஒரே லாட் வெள்ளை.

பன்னிரண்டு மணிக்குப் பானெட்டில் கை வைத்தார். உச்சி வெயில் சூடு மட்டும்தான் இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தபோது இஞ்சின் ஆறியிருந்தது. சித்தீக் போனில் சொல்லிக் கொடுத்திருந்தபடி நீலாம்பாளை வண்டிக்குப் பின்னால் நிறுத்தினார். சாவியைத் திருப்பினார். முதல் தடவை முக்கியது, இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது.

"புகை என்ன கலர்லக்கா வருது? நீலமா, வெள்ளையா?"

"புகையே வரலையே. சத்தம்தான் வருது!"

அது நல்ல சேதி. அடுத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரைப் போட்டு, கிளச்சை விட்டார். நல்ல கிளச் என்றால் இஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும். இது கொஞ்ச நேரம் இழுத்து இழுத்துப் பிறகு நின்றது. "என்னம்மா பண்றீங்க!" என்று செல்லதுரை பதறினார். கிளச் பிளேட் தேய்ந்திருக்கிறது என்று மெஹராஜ் சொன்னதும், "அதான் பாலத்துல ஏறும்போது உறுமிச்சா!" என்றார்.

இருவரும் ஆற்றங்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். நேரான இடத்தில் மெஹராஜ் ஸ்டியரிங்கைத் தளர விட்டார். கார் மெல்ல இடது பக்கம் வயலைப் பார்க்கப் போனது. எதிரே பஸ் வந்தாலே இடது சக்கரங்களை மண்ணில் இறக்கிவிடுவாராம் செல்லதுரை. அலைன்மென்ட் பார்த்தால் சரியாகிவிடும். திரும்புவதற்காக மெஹராஜ் ரிவர்ஸ் போட்டபோது அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"எனக்கு அது வராதும்மா. களம் வரைக்கும் போய்ச் சுத்திட்டுத்தான் வருவேன். மூணு வருஷமா ரிவர்ஸைத் தொட்டதே இல்ல."

"அப்ப அந்த ஒரு கியர் மட்டும் புதுசுண்ணே!"

வீட்டுக்கு வந்து ஆர்.சி.யைப் பார்த்தார். அதில் இன்னும் பேங்கின் பெயர் இருந்தது. கடன் முடிந்ததற்கான கடிதம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று நீலாம்பாள் எடுத்து வந்தார். விலை பேச அன்பரசனைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள். தகரம், கிளச், அலைன்மென்ட் என்று மெஹராஜ் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.

"டிக்கியில எப்படிங்க துரு பிடிச்சது? அப்பா மழையில வெளியில எடுக்கவே மாட்டாரே?"

செல்லதுரை கையெடுத்துக் கும்பிடாத குறை. மெஹராஜுக்குப் பொய் சொல்லவும் மனமில்லை, காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. "அதை நீங்க அப்பாகிட்டயே கேட்டுக்கங்க தம்பி" என்று போனை நீட்டினார்.

செல்லதுரை இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்பரசன் சொன்னான்: "ஏம்ப்பா, மூட்டை ஏத்த வண்டி வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே அதை வாங்கியிருக்கலாம்ல?"

"நீ ஆசையா வாங்கிக் கொடுத்தடா. எப்படிச் சொல்றது?"

நீலாம்பாள் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மெஹராஜ் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். சித்தீக் போனில் சொன்ன செலவை அப்படியே கழித்துக்கொண்டு விலை முடிந்தது. அதற்கு மேல் மெஹராஜ் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. கார் விற்ற பணத்தோடு மகன் கொஞ்சம் போட, அடுத்த மாதமே செல்லதுரை ஒரு சின்ன லோடு வண்டி எடுத்துவிட்டார்.

பெயர் மாற்றி, தகரம் வெட்டி ஒட்டி, கிளச் மாற்றி வண்டி சந்துக்கு வந்து சேர மூன்று வாரம் ஆனது. முதல் வெள்ளிக்கிழமை, மிஷின் ஓட்டும் நான்கு பெண்களும் சரக்கு ஏற்றும் முன் தங்களை ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு ஐந்து பேரும் அலையாத்திக் காட்டுப் படகுத்துறைக்குக் கிளம்பினார்கள். பின் சீட்டில் மூன்று பேர், நடுவில் இருந்தவர் மடியில் நெய்ச்சோற்று அண்டா. பாலத்து ஏற்றத்தில் கார் தயங்கியது. மெஹராஜ் ஏ.சி.யை நிறுத்தினார். ஜன்னலை எல்லாம் இறக்கச் சொன்னார். உப்புக் காற்று உள்ளே வந்தது.

"நான் வேணா இறங்கித் தள்ளவா ராத்தா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்டாவைக் கெட்டியாப் பிடி. அது போதும்" என்று சொல்லி மெஹராஜ் இரண்டாவது கியருக்கு மாற்றினார். கார் ஏறிவிட்டது.