மேடையில் பிரித்த பெட்டி

சனசமூக நிலையத்து மதிலில் பனர் கட்டியிருக்கிறார்கள் என்று சந்தைக்குப் போய்வந்த சுபாஸ்கரன்தான் சொன்னான். உதயகலா அடுப்பை அணைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஊர் ஒளி மன்றத்தின் வாழ்வாதார உதவி வழங்கும் விழாவாம். கனடாவிலிருந்து வந்திருக்கும் மன்றத் தலைவர் இளையதம்பி கோட்டும் கழுத்துப்பட்டியுமாக முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிச்ச இடத்தில் ஒரு தையல் மெசின், நாலு ஆட்டுக்குட்டி, அவற்றுக்குப் பக்கத்தில் உதயகலாவின் முகம். முகத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில், 'பெண் தலைமைத்துவக் குடும்பத்துக்கு லப்டொப் அன்பளிப்பு' என்று போட்டிருந்தது.

ஆண் துணை இல்லாத வீட்டைத்தான் அரசாங்கக் கந்தோர்க் கடுதாசிகளில் அப்படி எழுதுவார்கள். அவள் புருசன் சுபாஸ்கரனோ குத்துக்கல் மாதிரி இருக்கிறான். பண்டத்தரிப்பில் நாலு பரப்புக் காணியில் வெங்காயம் செய்கிறான். அவள் திரும்பி வந்ததும் அவன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அப்ப நான் ஆர்?"

வேறு நாளென்றால் அவள் சிரித்திருப்பாள். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

உதவி வாங்குவது கேவலம் என்று உதயகலா ஒருநாளும் நினைத்ததில்லை. பதினொரு வயதில் இடம்பெயர்ந்து போய் நிவாரண அரிசியில் வளர்ந்தவள் அவள். தையல் மெசின் வாங்கப் போகிற பெண்ணுக்கு அது தேவை, கொடுக்கட்டும், நல்லாயிருக்கட்டும். ஆனால் இந்த லப்டொப் அவள் செய்த வேலைக்குக் கூலி. கூலியை அன்பளிப்பு என்று எழுத இவர்களுக்கு எப்படிக் கை வந்தது?

அவள் பல்கலைக்கழகத்தில் வயலின் படித்தவள். ஆசிரியர் நியமனம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்து அலுத்து, வெங்காயப் பிடிகளைக் கட்டித் தொங்கவிடுகிற பின்னறையைப் பத்து வருடங்களுக்கு முன்பு ஒலிப்பதிவுக்கூடம் ஆக்கினாள். சுவரெல்லாம் பழைய மெத்தைகளை வைத்து அடித்தாள். கோயில் ஊஞ்சற் பாட்டு, பள்ளிக்கூடக் கீதம், செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் நினைவுப் பாட்டு என்று எது வந்தாலும் மெட்டுப் போடுவதிலிருந்து கடைசியாகக் குரலையும் வாத்தியத்தையும் அளந்து கலந்து முடிப்பது வரைக்கும் அவள்தான். அறைக்குள் வெங்காய வாசம் மட்டும் இன்னும் போகவில்லை.

எல்லாம் சரி, அந்தப் பழைய லப்டொப்தான் உயிரை எடுத்தது. பாட்டில் பன்னிரண்டு குரல், வாத்தியத்துக்கு மேல் ஏற்றினால் அப்படியே நின்றுவிடும். அதன் விசிறி போடுகிற சத்தம் பாடுகிறவரின் குரலோடு சேர்ந்து பதிவாகும். அதனால் லப்டொப்பைக் கதவுக்கு வெளியே கதிரையில் வைத்து, வயரை நிலைக்குக் கீழால் இழுத்து, வெளியே ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே ஓடிவந்து வயலினைத் தூக்குவாள். மூச்சு வாங்காமல் முதல் சுரத்தை வாசிக்கப் பழகியது தனிக் கதை.

ஊர்ப் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பதினொரு பாட்டு வேண்டும் என்று பங்குனி மாதத்தில் இளையதம்பி கனடாவிலிருந்து கூப்பிட்டுக் கேட்டபோது, காசு வேண்டாம், நான் சொல்லுகிற லப்டொப்பை வாங்கித் தாருங்கள் என்று அவள்தான் பேசினாள். அவரும் ஓம் என்றார்.

பிறகு மூன்று கிழமை அவளுக்கு அதே யோசனைதான். யாழ்ப்பாணத்தில் ஒரு கணினிக் கடைக்கு மூன்று தரம் பஸ் ஏறினாள். முதல் நாள் கடையில் நின்ற கஜீபன், பிள்ளையின் படிப்புக்கோ அக்கா என்று கேட்டுச் சின்னதொன்றைக் காட்டினான். இரண்டாம் நாள், கலர் கலராக லைட் எரிகிற ஒன்றைத் தூக்கி வைத்தான். மூன்றாம் நாள் அவள் தன்னுடைய பாட்டுகளில் ஆகப் பாரமானதை ஹாட் டிஸ்க்கில் கொண்டுபோனாள். நாதஸ்வரம், தவில், நாற்பது குரல் எல்லாம் துண்டு துண்டாகப் பதிந்து அடுக்கிய, பழைய லப்டொப்பில் முழுதாக ஒருநாளும் ஓடாத பாட்டு. அதை ஒவ்வொரு லப்டொப்பிலும் ஓடவிட்டு, பாட்டைக் கேட்காமல், விசைப்பலகையில் காதை வைத்து விசிறியைக் கேட்டாள். முதலாவது இரைந்தது. இரண்டாவது சுட்டது. மூன்றாவது, பாட்டு முடியும் வரைக்கும் மூச்சுக் காட்டவில்லை. நினைவகம் முப்பத்திரண்டு ஜிபி, பிறகு கூட்டவும் இடமிருந்தது. லப்டொப்பில் காது வைத்துப் பார்த்து வாங்க வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லி, கஜீபன் மொடல் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தான். அவள் அதைப் படம் பிடித்து அன்றைக்கே இளையதம்பிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவர் ஒரு பெருவிரலை அனுப்பிவைத்தார்.

பதினொரு பாட்டையும் பதிந்து முடித்தாள். கலந்து முடிக்கிற வேலை மட்டும் புது லப்டொப்புக்காகக் காத்துக் கிடந்தது. கோயில்காரர் கேட்டுப் பார்க்கட்டும் என்று ஒரு பாட்டை மட்டும் அரைகுறையாகக் கலந்து, தன் பென் ட்ரைவில் போட்டுக் கொடுத்திருந்தாள்.

பனரைப் பார்த்த அன்று பின்னேரமே இளையதம்பி தங்கியிருந்த வீட்டுக்குப் போனாள். அவர் கோபிக்கவில்லை. பனரை மாற்ற நேரமில்லை என்றார். பிறகு, விளங்காத குழந்தைக்குச் சொல்லுவது போல மெல்லமாகச் சொன்னார்.

"பிள்ளை, கூலி எண்டால் அங்கை ஒருத்தரும் காசு தரமாட்டினம். கஷ்டப்பட்ட குடும்பம் எண்டால்தான் தருவினம். ஒரு படத்துக்கு நிண்டால் காணும்."

"என்ரை மனுசன் உயிரோடை இருக்கிறார் அண்ணை."

"அது எனக்குத் தெரியாதே? அண்டைக்கு அவரை மேடைக்குக் கிட்ட வராமல் பாத்துக்கொள்."

அவளுக்கு உச்சி கொதித்தது. ஆனாலும் கும்பாபிஷேகத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது, பாட்டுகள் முடியாமல் கிடந்தன. லப்டொப் கைக்கு வந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள். விழாவுக்குச் சுபாஸ்கரன் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் நடுக் கதிரையில் இருந்தான். அவள் தடுக்கவில்லை.

பந்தலுக்குள் கால் வைத்ததும் ஒலிபெருக்கியில் தன் வயலின் கேட்டது. கோயில்காரருக்குக் கொடுத்த அதே அரைகுறைப் பாட்டு. மன்றத்தின் புதிய வெளியீடு என்று அறிவிப்பாளர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். செய்தவளின் பெயர் இல்லை. ஆட்டுக்குட்டிகள் போயின, தையல் மெசின் போனது, அவளைக் கூப்பிட்டார்கள். தங்கநிறத் தாள் சுற்றிய பெட்டியின் ஒரு பக்கத்தை இளையதம்பி பிடிக்க, மறுபக்கத்தை அவள் பிடிக்க, கமரா வெளிச்சம் அடித்தது.

அன்பளிப்பை யாரும் கொடுத்தவர் முகத்துக்கு முன்னால் பிரிப்பதில்லை. கூலி அப்படியல்ல. தோட்டத்தில் வெங்காயம் பிடுங்குகிற பெண்கள் கூலியைக் கையில் வாங்கி, அந்த இடத்திலேயே எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். சுபாஸ்கரன் அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. உதயகலா பெட்டியை மேடை மேசையில் வைத்துத் தங்கத்தாளைக் கிழித்தாள்.

உள்ளே இருந்தது அவள் சொன்னது இல்லை. சின்னதொரு லப்டொப், அவள் கேட்ட நினைவகத்தில் கால்வாசி. கூட்டவும் வழியில்லாத வகை அது. கடையில் முதல் நாளே தள்ளி வைத்த சாமான். இளையதம்பி சிரித்த முகம் மாறாமல் அவள் பக்கம் குனிந்தார்.

"பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு மொத்தமாய் எடுத்ததிலை ஒண்டு. பாட்டுப் போடத்தானே, எல்லாம் ஒண்டுதான்."

மூன்று கிழமையை அந்த மனிதர் ஒரு சொல்லில் துடைத்துப் போட்டார். பனரைக்கூட அவள் பொறுத்திருப்பாள். இதைப் பொறுக்க முடியவில்லை. மைக் கிட்டத்தான் இருந்தது, அவள் குரலை உயர்த்தவும் இல்லை.

"அண்ணை, உதவி எண்டால் நான் கேக்கேல்லை. கூலி எண்டால் நாங்கள் பேசினது இது இல்லை."

பெட்டியை மூடி அவர் கையிலேயே கொடுத்தாள். மேடையால் இறங்கி நேரே ஒலிபெருக்கிக்காரரிடம் போய், அது என்னுடையது என்று சொல்லிப் பென் ட்ரைவைப் பிடுங்கினாள். பாட்டு நடுவரியில் அறுந்தது. பந்தலுக்குள் ஆட்டுக்குட்டி ஒன்று மட்டும் கத்தியது. முன்வரிசையில் இருந்த சுபாஸ்கரன் எழும்பிப் போய் மோட்டார் சைக்கிளைத் திருப்பினான்.

அடுத்த நாள் காலையில் மதிலில் பனர் இல்லை. தோட்டத்தில் விதைவெங்காயக் குவியலை யாரோ புதுப் படங்கு போட்டு மூடியிருந்தார்கள். எழுத்துப் பக்கம் உள்ளே இருந்தது. அவள் சுபாஸ்கரனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இளையதம்பி அவளுக்குப் போன் எடுத்தார். கோயில்காரர் நெருக்குகிறார்களாம், பாட்டில்லாமல் கும்பாபிஷேகம் நடந்தால் கனடாவில் முகம் காட்ட ஏலாதாம். அந்த லப்டொப்பையே வாங்குகிறாராம். மொடல் இலக்கத்தை இன்னொருக்கால் அனுப்பட்டாம்.

"அது உங்கடை போனுக்குள்ளைதான் கிடக்கு அண்ணை. ஏப்பிரல் பதினெட்டாம் திகதிக்குப் போய்ப் பாருங்கோ, அதுக்குக் கீழை நீங்கள் போட்ட பெருவிரலும் நிக்கும்."

போனை வைத்துவிட்டுப் பழைய லப்டொப்பைக் கதவுக்கு வெளியே கதிரையில் வைத்தாள். முப்பத்தோராம் நாள் பாட்டு ஒன்று பாக்கி இருந்தது.