பெருங்காயம் மணக்கும் கேசட்

போன ஞாயிறு காலை, புதிதாக வாங்கிய வீடியோ கேம் பெட்டியை டிவியோடு இணைத்துவிட்டுக் காப்பியோடு உட்கார்ந்தேன். அப்டேட் இறங்குகிறது, இன்னும் மூன்று மணி நேரம் ஆகும் என்றது பெட்டி. அதற்குள் ஒரு கணக்குத் தொடங்கச் சொன்னது. பிறந்த தேதி கேட்டது. கொடுத்தேன். நாற்பத்து மூன்று வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்கவில்லை; அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்த பெட்டிதான். ஆனால் மூன்று மணி நேரத்தை என்ன செய்வது? கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் மென்பொருள் சோதிக்கிற வேலை எனக்கு. பிறர் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவனால் சும்மா உட்கார முடியுமா? பரணில் ஏறிவிட்டேன்.

அங்கே ஓர் அட்டைப்பெட்டி. திறந்ததும் முகத்தில் அடித்தது பெருங்காய வாசனை. உள்ளே எங்கள் பழைய கேம் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரே ஒரு மஞ்சள் கேசட்.

கேசட்டில் எப்படிப் பெருங்காயம் என்று கேட்பீர்கள். அப்பா இந்த மலையாளத்து ஊரில், ஆரியசாலைப் பகுதியில் ஒரு பெருங்காய மொத்தக் கடையில் வேலை பார்த்தார். கடைக்குப் பின்னால் இருந்த சந்தில்தான் வீடு. எங்கள் சட்டை, பாடப்புத்தகம், தலையணை எல்லாம் அந்த வாசனைதான். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் 'சாம்பார்'. மலையாளத்துப் பையன்கள் தமிழ்ப் பையனுக்குப் பொதுவாக வைக்கிற பெயர்தான், ஆனால் என் விஷயத்தில் அவர்களிடம் ஆதாரம் இருந்தது. கேசட் வேலை செய்யாவிட்டால் அதன் அடியில் வாய் வைத்து 'ஃபூ' என்று ஊதுவோம் இல்லையா? அப்படி ஊதி ஊதியே வீட்டு வாசனை அதற்குள் குடியேறியிருக்க வேண்டும்.

அந்தப் பெட்டியை அப்பா சாலைக் கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கிவந்தார். அசல் பெட்டியைச் செய்த கம்பெனி அதை எப்போதோ நிறுத்திவிட்டது என்று பிற்பாடுதான் தெரிந்தது. எங்களிடம் வந்தது நகலின் நகல். உலகம் விளையாடி முடித்துத் தூக்கிப் போட்டதை நாங்கள் அன்றுதான் பிரித்தோம். நானும் அடுத்த வீட்டுப் பிஜுவும் அதைக் கட்டிலில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது நினைவிருக்கிறது.

பிஜு என் வீட்டுக்கு வரலாம், நான் அவன் வீட்டுக்குப் போகலாம். எங்கள் அம்மாக்கள் மட்டும் பேசிக்கொள்வதில்லை. காரணம், குழாய். இரண்டு வீட்டுக்கும் முற்றத்தில் ஒரே குழாய். விடிவதற்கு முன் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். யார் குடத்தை முதலில் வைப்பது என்பதில் தொடங்கிய சண்டை. பிஜுவின் அம்மா சந்திரிகா சேச்சி வேகமாக மலையாளத்தில் பொரிவார். என் அம்மா வள்ளி திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவள். அவளுக்கு மலையாளம் அரைகுறை. பதில் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே சேச்சியின் குடம் நிறைந்துவிடும். அந்த ஊரில் அம்மாவுக்குச் சண்டை போடக்கூட ஆள் சரியாக அமையவில்லை. பேச ஆள் எங்கே? அப்பா கடைக்கு, நான் பள்ளிக்கு. பகல் முழுக்க அவள் தனியாக இருந்தாள். அது தனிமை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா என்றால் வீட்டில் இருப்பவள், அவ்வளவுதான்.

ஒருநாள் வயிற்றுவலி என்று புளுகிவிட்டு உள்ளறையில் படுத்திருந்தேன். மதியம் டிவியிலிருந்து துப்பாக்கிச் சத்தம். எட்டிப் பார்த்தால், அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, எதிரிகளைச் சரமாரியாகச் சுட்டுக்கொண்டிருக்கிறாள். பள்ளிவிட்டு வரும்போது டிவியின் முதுகு ஏன் சுடுகிறது என்ற புதிருக்கு அன்று விடை கிடைத்தது. அதுவும் எப்படிச் சுட்டாள்! நானும் பிஜுவும் மூன்று மாதமாகத் தாண்டாத ஐந்தாம் கட்டத்தை, கீரை ஆய்வது மாதிரித் தாண்டினாள்.

"எம்மா!" என்றேன்.

"சத்தம் போடாத. அந்தக் கடைசிக் கோட்டைக்குள்ள யாரு இருக்கான்னு மட்டும் பாத்துக்கிடுதேன்."

அந்தக் கோட்டைதான் அவளுக்கு ஆகவில்லை. விளையாட்டைப் பாதியில் சேமித்து வைக்கிற வசதி கிடையாது. மின்சாரம் போனால் எல்லாம் போச்சு, மறுபடி ஒன்றாம் கட்டம். நம்மூர் மின்சாரத்தைத்தான் உங்களுக்குத் தெரியுமே. அம்மா எட்டாம் கட்டத்தில் இருக்கும்போது போகும், மாவாட்டும்போது போகாது.

அன்றைக்குத்தான் சேச்சி வந்தார். சத்தம் என்னவென்று பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்றார். எட்டு மாதமாகச் சண்டைக்குத் தவிர வாய் திறக்காத ஆள். அம்மா திரும்பவில்லை. சேச்சி கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார். பிறகு, சும்மா கிடந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தார்.

"ரண்டாமத்தெ ஆளு ஆரா?" என்று கேட்டார்.

"யாருமில்ல" என்றாள் அம்மா.

சேச்சி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். ஜாய்ஸ்டிக் வயர் ஒரு முழம்தான். விலகி உட்கார வழியில்லை. குழாயடிச் சண்டைக்காரிகள் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சுட ஆரம்பித்தார்கள்.

அந்த விளையாட்டில் ஒரு விசேஷம் உண்டு. ஆளுக்கு மூன்று உயிர். உன் உயிர் தீர்ந்துவிட்டால், பொத்தானை அழுத்திக் கூட ஆடுகிறவரின் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அனுமதி வேண்டாம். சேச்சிக்கு ஆட்டம் மந்தம், கை வேகம். மூன்றையும் இரண்டு நிமிடத்தில் தொலைத்துவிட்டு அம்மாவின் உயிரை டக்கென்று எடுத்துவிடுவார். சாயங்காலம் அம்மா அப்பாவிடம் பொருமுவாள்: "கொழாயில செய்யுததத்தான் இங்கயும் செய்யுதா." ஆனால் மறுநாள் மதியம் இரண்டு தம்ளர் காப்பி போட்டு வைத்திருப்பாள். காலையில் குழாயடியில் கத்தல், மதியம் கூட்டணி. அம்மாவின் மலையாளம் அந்த மாதங்களில்தான் வளர்ந்தது; அதில் பாதி, சுடும்போது திட்டுகிற வார்த்தைகள்.

பிறகு பூஜை வந்தது. இங்கே அஷ்டமியன்று புத்தகங்களைப் பூஜையில் வைத்தால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடக்கூடாது. பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வரம் உண்டா? நானும் பிஜுவும் கணக்குப் புத்தகத்தை முதலில் கொண்டுபோய் வைத்தோம். அம்மா கேம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து, சந்தனம் குங்குமம் வைத்து, புத்தகங்களின் மேல் உட்கார்த்திவிட்டாள்.

"இது எதுக்கும்மா?"

"ஆயுத பூசைல்லா? அதுக்குள்ள எத்தன துப்பாக்கி இருக்கு!"

வைத்த பிறகுதான் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது அவளுக்கு உறைத்தது. எடுக்கவும் முடியாது, சாமி குற்றம். அந்த நினைப்பிலேயே தோசை கருகியது. சேச்சி ஜன்னல் ஓரமாக வந்து, அறையில் மாலை போட்டு உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்து, பெருமூச்சு விட்டுப் போனார். சரஸ்வதி அந்த வருஷம் எங்கள் வீட்டில் எப்படிப்பட்ட வேண்டுதல்களைக் கேட்டாளோ!

விஜயதசமி. அப்பா பூஜை எடுத்து, எங்களை அரிசியில் எழுதவைத்து முடிக்கவில்லை, ஈரத்தலையோடு சேச்சி வந்து நிற்கிறார். "பூஜை கழிஞ்ஞோ வள்ளி?" கோயிலுக்குப் போக வேண்டும் என்று அப்பா சொன்னது யார் காதிலும் விழவில்லை. நல்ல நாளில் புது வித்தை தொடங்குவார்கள். இவர்கள் விட்ட வித்தையைத் தொடர்ந்தார்கள்.

அன்று கரண்ட் போகவில்லை. அடாப்டர் கொதித்தது, பிஜு விசிறிக்கொண்டே இருந்தான். ஏழாம் கட்டம், எட்டாம் கட்டம், கோட்டை. கதவு திறந்தது. உள்ளே பத்துக் கையோடு ஒரு ராட்சதன். வந்த வேகத்தில் அம்மாவின் கடைசி உயிரைக் குடித்துவிட்டான். சேச்சியிடம் ஆடுகிற உயிர் போக ஒன்றுதான் மிச்சம். அம்மாவின் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. அவள் எடுக்கவில்லை. அதுவரை ஒருநாளும் எடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சேச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "எடுத்தோ வள்ளி."

"உங்களுக்கு இல்லாமப் போயிருமே சேச்சி."

"நீயல்லே நன்னாயிட்டு களிக்குந்நது. எடுத்தோ!" நன்றாக ஆடுகிறவள் நீதானே என்கிறார்.

அம்மா எடுத்தாள். அடுத்த நிமிடமே சேச்சியின் ஆள் விழுந்தான். சேச்சி ஜாய்ஸ்டிக்கைப் போட்டுவிட்டு அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "கைய விடுங்க, கைய விடுங்க!" என்று கத்திக்கொண்டே அம்மா சுட்டாள். ராட்சதன் வெடித்தான். மலைமேல் இரண்டு பேர் நின்றார்கள், சூரியன் உதித்தது, ஏதோ இங்கிலீஷில் ஒரு வரி. அவ்வளவுதான். உடனே ஒன்றாம் கட்டம் மறுபடி தொடங்கிவிட்டது.

"இத்ரேயுள்ளோ?" என்றார் சேச்சி. இதற்கா இத்தனை பாடு என்று இருவரும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர். எனக்கு அன்று அம்மாவைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவள் அப்படிச் சிரிப்பாள் என்று நான் நினைத்ததில்லை.

செத்துப்போன பெட்டியில் இன்னும் என்னடா இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். புதிய விளையாட்டுகளில் மரத்தின் இலைகூடத் தனித்தனியாக அசைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட ஆடுகிறவன் எந்த நாட்டில் இருக்கிறானோ! அவன் தோள் நம்மை இடிக்காது. கம்பெனி சர்வரை மூடினால் அந்த ஆட்டமே இல்லை. எங்கள் மஞ்சள் கேசட்டை மூட யாரும் இல்லை. ஒரு ஊது போதும்.

ஆரியசாலையில் அந்த வீடுகள் இப்போது இல்லை. பிளாஸ்டிக் சாமான் கிடங்கு வந்துவிட்டது. குழாயும் போய்விட்டது. பிஜு கழக்கூட்டத்தில் பதினோராவது மாடியில் இருக்கிறான், சேச்சி அவனோடு. பரணில் கண்டெடுத்ததை, பழைய வயரைப் புது டிவியில் செருக ஒரு சின்னப் பெட்டியும் வாங்கிக்கொண்டு, அன்று மாலையே அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். இருவரும் சோபாவை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். அம்மாவின் விரல் மடங்கவில்லை. சேச்சிக்குக் கண் அறுவை முடிந்து இரண்டு மாதம். இரண்டாம் கட்டத்திலேயே ஆறு உயிரும் போயின. திரும்பத் தொடங்கினார்கள், திரும்பப் போயின. அந்த வேகம் போய்விட்டது, இனி வராது. கோட்டை வரை அவர்கள் இனிப் போகப்போவதில்லை என்பது எனக்கே தெரிந்தது.

மனசு கேட்காமல், "குடும்மா, நான் ஆடிக் கோட்டை வரைக்கும் கொண்டு விடுதேன். கடைசி சீன் பாத்துருங்க" என்றேன்.

"எதுக்குல? அத முடிச்சிட்டா, நேரமாச்சு வீட்டுக்குப் போவோம்னு நிப்ப."

சேச்சி ஜாய்ஸ்டிக்கை மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

"ஒன்னூடி, வள்ளி" என்றார். இன்னும் ஒரு ஆட்டம்.