கடைசி பெஞ்சு ராஜ்கமல்

ராஜ்கமல் இறந்துபோன பிறகு மண்ணரையில் அவன் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: நல்ல அயர்ன் மாஸ்டர், அவன் தேய்த்த பனியனில் ஒரு சுருக்கம் பார்த்ததில்லை. உண்மைதான். ஆனால் முப்பத்தாறு வயதில் அவன் மூன்று மாதம் ஒன்பதாம் வகுப்பு படித்தான் என்பதையும், அந்த வகுப்பில் அவனைவிட மோசமான மாணவன் கிடையாது என்பதையும் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? வகுப்பு நடந்தது அவன் வீட்டுக் கட்டிலில்.

டீச்சர் அவன் மனைவி நதியா. ஆங்கிலத்தில் பட்டம் வாங்கிவிட்டு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவளை, பி.எட். படி என்று பிடித்துத் தள்ளியவன் அவன்தான். படித்தாள். எழுத்துத் தேர்வெல்லாம் தேறிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் காட்டும் தேர்வில் மட்டும் போன வருடம் தோற்றுவிட்டாள். பிள்ளைகளைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது; புத்தக வாக்கியங்களை ஒப்பித்துவிட்டு இறங்கினாள். இலக்கணம் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த முறையும் தவறினால் மறுபடி ஓவர்லாக்தான் என்று அவளே முடிவு செய்து வைத்திருந்தாள்.

அதனால் வேலை முடிந்து வந்ததும் ராஜ்கமல் முகம் கழுவிக் கட்டிலில் உட்கார வேண்டும்.

"நாப்பது பிள்ளைகளுக்கும் நீங்க ஒரு ஆளுதான் மாமா," என்றாள் நதியா.

"அப்ப நான் கடைசி பெஞ்சு. முதல் பெஞ்செல்லாம் நமக்குச் சரிப்படாது."

பாடம் செயப்பாட்டு வினை. துணி வெட்டப்படுகிறது, பனியன் தைக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனாள். ராஜ்கமல் கையைத் தூக்கினான்.

"மிஸ், ஒரு டவுட்டு. யாரு தச்சான்னு சொல்லவே இல்லையே?"

"செஞ்ச ஆளு முக்கியமில்லைன்னா விட்டுரலாம்."

"அட, இதத்தான நாங்க தெனமும் பேசுறோம்! 'சார், பனியன் கருகிருச்சு'ம்போம். கருக்குனவன் பேரு ஒருத்தன் வாயில வராது."

நதியா சிரித்துவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். புத்தகத்தில் இல்லாத முதல் உதாரணம் அப்படித்தான் கிடைத்தது. மறுநாளிலிருந்து அவன் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டான், பக்கத்தில் இல்லாத பையன் கிள்ளுகிறான் என்று புகார் சொன்னான், வீட்டுப்பாடத்தை ஆடு தின்றுவிட்டது என்றான். அவளும் அதட்டிப் பழகினாள்.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது பாடம் நடத்தப்போகும் முறையை முழுதாக விளக்கினாள். ஐந்து பனியன்கள் கொண்டு போவாள். ஒன்று வெறும் வெட்டுத் துணி. ஒன்று தோள் மூட்டியது. ஒன்று கழுத்துப்பட்டி வைத்தது. ஒன்று கை வைத்தது. கடைசியில் மட்டும் முழுப் பனியன். ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இத்தனையும் சொல்லும்போது ராஜ்கமல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி, வாயைத் திறந்து வைத்திருந்தான். தூங்கும் மாணவனை இத்தனை தத்ரூபமாக நடிக்கிறாரே என்று அவளுக்குப் பெருமைதான். குறட்டை வந்தபோதும் அப்படித்தான் நினைத்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் ஐந்தையும் ஒரு பையில் போட்டு அவனிடம் கொடுத்தாள்.

"கசங்கிக் கெடக்கு மாமா. கம்பெனில ஒரு தேய்ப்பு தேய்ச்சுக் கொண்டாங்க."

கம்பெனி மேசையில் பையைக் கவிழ்த்ததும் ராஜ்கமல் திடுக்கிட்டுப் போனான். கை இல்லாத பனியன், கழுத்து இல்லாத பனியன். பாவம், மிஷின் வேலையை விட்டு வருடமாயிற்று, அவசரத்தில் என்னத்தையோ அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். பரீட்சைக்குப் போகிற சரக்கு இப்படியா போவது? சாப்பாட்டு நேரத்தில் டெய்லர் பழனாயியிடம் ஓடினான்.

"அக்கா, நம்ம வீட்டம்மா பரீட்சைக்குப் போற சரக்கு. மானத்தக் காப்பாத்து."

பழனாயி சோற்றுக் கையைக் கழுவிவிட்டு, அரைகுறையாக இருந்த நாலையும் முடித்துக் கொடுத்தாள். ராஜ்கமல் தேய்த்தான், ஏற்றுமதிக்குக்கூட அப்படித் தேய்த்ததில்லை. மடித்து, பாலிபேக்கில் போட்டு, ஒட்டி, வீட்டில் கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் போட்டான்: "நாளைக்கு வகுப்புலயே பையத் தொற. இப்பத் தொட்டா மடிப்புக் கலைஞ்சிரும்."

மறுநாள் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டான். உள்ளே தேர்வாளர் ஆறுமுகசாமி நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"ஆரம்பிக்கலாங்களா டீச்சர்?"

நதியா முதல் பனியனை எடுத்தாள். முழுப் பனியன். இரண்டாவதை எடுத்தாள். முழுப் பனியன். ஐந்தும் மேசையில் ஒன்றுபோலப் பளபளத்தன. முதல் வரிசையில் இருந்த அபிராமி சொன்னாள்: "மிஸ், எல்லாம் பேக்கிங்கே முடிஞ்சிருச்சு மிஸ்."

நதியா ஜன்னலைப் பார்த்தாள். ராஜ்கமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

நாக்கு மறுபடி ஒட்டத் தொடங்கியது. ஆறுமுகசாமி எதையோ எழுதினார். அந்த நேரத்தில் அவளுக்கு என்ன தோன்றியதோ, கைப்பையைத் துழாவி பழைய நூல்வெட்டுக் கத்திரியை எடுத்து அபிராமியிடம் நீட்டினாள். "பிரி."

பனியன் கம்பெனிக்காரர்களின் பிள்ளைகளுக்குப் பிரிக்கச் சொல்லித்தரவா வேண்டும்! கீழ்மடிப்பு சர்ரென்று போனது. "த ஹெம் ஈஸ் ரிமூவ்ட், மிஸ்!" அடுத்த பெஞ்சு கையைக் கழற்றியது. "த ஸ்லீவ்ஸ் ஆர் ரிமூவ்ட்!" கத்திரிக்கு அடிதடி. பின் பெஞ்சிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வெளியே ராஜ்கமல் ஒவ்வொரு கிழிசலுக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினான். நாலாவது பனியனில் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தபோது அவனால் தாங்க முடியவில்லை.

"ஏத்தா, மெதுவா! துணி இழுத்துக்கிரும்!"

ஆறுமுகசாமி திரும்பினார். "ஏனுங்க, யாருங்க நீங்க?"

"அயர்ன் மாஸ்டருங்க சார்."

"இதையெல்லாம் முடிச்சுப் பேக்கிங் போட்டது யாருங்க?"

ராஜ்கமல் நதியாவின் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு எல்லாம் புரிந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தான். "அது... முடிஞ்சிருச்சுங்க சார்."

வகுப்பே எழுந்து ஜன்னலை நோக்கிக் கையை நீட்டியது. "தே வேர் பினிஷ்ட் பை ஹிம், சார்!"

நாற்பது பேர் ஒரே குரலில். யாரும் சொல்லித்தரவில்லை. ஆறுமுகசாமி சிரிப்பை அடக்க முடியாமல் கர்ச்சீப்பை எடுத்தார். மணி அடித்துவிட்டது.

வெளியே வந்தவரை ராஜ்கமல் மறித்தான். "சார், தப்பு எம்மேலதாங்க. அவ பாஸாங்களா?"

"அத இப்பச் சொல்லக் கூடாதுங்க. ஆனா நீங்க பெயிலுங்க." இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். "என்ர மச்சான் யூனிட்ல அயர்னுக்கு ஆளில்லீங்க. வர்றீங்களா?"

நதியா தேறினாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். வருடந்தோறும் செயப்பாட்டு வினை வரும்போது காதர்பேட்டைக் கடையில் நாலு பனியன் வாங்கிக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்கிறாள். அன்று மணி அடித்ததால் தப்பித்த ஐந்தாவது பனியன் பீரோவில் பாலிபேக்கோடு இருக்கிறது. அவன் போன இந்த எட்டு மாதமாக அவள் அதை அடிக்கடி கையில் எடுத்துப் பார்க்கிறாள். பாலிபேக்கைப் பிரிப்பதில்லை. மடிப்புக் கலைந்துவிடும்.