மலைப்பழமும் சிம்லாப் பழமும்

கொடைக்கானல் பீச் பழத்தைச் சாமுண்டீஸ்வரி அப்படியே குவிப்பதில்லை. ஒவ்வொன்றையும் இடது உள்ளங்கையில் உட்காரவைத்து, ஈரத்துண்டால் காம்புக்குழியிலிருந்து கீழ்நோக்கி ஒரு சுற்றுத் துடைப்பார். பூனைமுடி போன்ற சுணை போய்த் தோல் பளபளக்கும். பிறகு கொஞ்சமாவது சிவந்த பக்கம் சாலையைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார். திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்கு வெளியே அவருடைய தள்ளுவண்டி. ரயிலுக்குக் காத்திருக்கும் சாக்கில் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வண்டியில் இரண்டு குவியல். மண்டியில் வாங்கும் சிம்லா பீச் பெரிது, சிவப்பு. கடித்தால் சாறு முழங்கைவரை வழியும். கொடைக்கானல் பழம் சின்னது, பச்சையோடியது. கொட்டையருகே மட்டும் லேசாக இனிக்கும். அதை அனுப்புவது அவருடைய தம்பி ஜெகன். மலையில் குத்தகைத் தோட்டம். இந்தப் பருவமும் பழம் போகாவிட்டால் மரங்களை வெட்டிவிட்டு கேரட் போடப்போவதாகச் சொல்லியிருந்தார்.

"கூடப் பொறந்த நானே விக்கலன்னா வேற எவன் விப்பான்?" என்பார் சாமுண்டீஸ்வரி. ஆனால் பழம் போகவில்லை.

எதிர் ஃபிளாட்டிலிருந்து கிருஷ்ணப்பிரியா, வாங்கிப்போன கொடைக்கானல் பழப் பையோடு திரும்பி வந்தார். "ஏங்க, ரெண்டே நாள்ல அழுகிடுச்சு. பழுத்த பாடும் இல்ல."

மாற்றிக் கொடுத்துவிட்டு, சாமுண்டீஸ்வரி அங்கேயே தம்பியைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"துடைக்காதக்கா," என்றார் ஜெகன். "சுணை போனா சீக்கிரம் அழுகிடும்."

"தொடைக்காம வெச்சா பூசணம் புட்ச்சிகீதுன்னு மூஞ்சி சுளிக்கிறாங்கடா! நீ வந்து நின்னு வித்துப் பாரு. காயா பறிச்சு அனுப்புறவன் நீ, பேச்சு வாங்குறவ நானா?"

"பழுக்கவிட்டா வழியில நசுங்கிடும்க்கா."

"அப்ப அனுப்பாத! காயும் வாணாம், பழமும் வாணாம்."

துண்டை உதறிய வேகத்தில் ஈரம் என் சட்டையில் தெறித்தது. "உன்ன இல்ல கண்ணு," என்றார், என்னைப் பார்க்காமலே.

இரண்டு வாரம் கழித்து வண்டியில் ஒரே குவியல். வலைச்சட்டை மாட்டிய சிவந்த பழங்கள்.

"சிம்லாவா? சின்னதா இருக்கே," என்றார் கிருஷ்ணப்பிரியா.

"வெயிலும்மா. இந்த லோடு அப்படித்தான் வந்துகீது. துன்னு பாரு."

ஒன்றைக் கடித்தார். "இதுதாங்க பழம்! ஒரு கிலோ போடுங்க."

நானும் ஒன்று வாங்கித் தின்றேன். குறை சொல்ல எதுவுமில்லை.

சாமுண்டீஸ்வரி அப்போதே தம்பியைக் கூப்பிட்டார். "கேட்டியாடா? சிம்லான்னா சிம்லாதான். உன் மரத்துல காய்க்கறது ஊறுகாய்க்குத்தான் ஆவும்."

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. "சரிக்கா," என்றார் ஜெகன்.

அந்த வாரமே மரங்கள் போய்விட்டன.

ஆடியில் ஜெகன் ஊருக்கு வந்து வண்டியருகே நின்றிருந்தார். மரங்களை வெட்டிய பிறகுதான் தரகர் மூலம் அவருக்கே விஷயம் தெரிந்ததாம். வடக்கே மலைச்சாலை மூடி, நாங்கள் அந்தப் பழத்தைத் தின்ற வாரம் சிம்லா லாரி எதுவும் வரவில்லை. அக்கா வேண்டாம் என்றபின் மரத்திலேயே விட்டுப் பழுத்ததை அவர் அந்தத் தரகரிடம் தள்ளிவிட்டிருக்கிறார். மண்டியில் அதற்கு வலை மாட்டி, பழைய சிம்லாப் பெட்டிகளில் அடுக்கி, அவருடைய அக்காவுக்கே விற்றிருக்கிறார்கள்.