மார்லீஸ் துடைத்த உருளைகள்

மார்லீஸ் குனெர்ட்டை எங்கள் ஊர் வோல்ஃபென்னில் எல்லாருக்கும் தெரியும். பதினேழு வயதில் போட்டோ பிலிம் ஆலையில் சேர்ந்தவள். அங்கே பூச்சுப் பிரிவில் பொட்டு வெளிச்சம் கூடாது. எட்டு மணி நேரமும் கும்மிருட்டு. ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ளாமல் இருக்க, நடக்கும்போது எதையாவது முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். அந்தப் பழக்கம் அவளை விடவேயில்லை. பட்டப்பகலில் கடையில் பால் எடுக்கும்போதும் முணுமுணுப்பாள்.

நாட்டை இரண்டாக்கிய சுவர் இடிந்தது, நாடு மாறியது, ஆலையை மூடினார்கள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. அடுத்த பதினான்கு வருடம் வேலைவாய்ப்பு அலுவலகம் சொன்னதையெல்லாம் செய்தாள். பூங்காவில் இலை வாரினாள். விண்ணப்பம் எழுதுவது எப்படி என்ற ஒரே பயிற்சிக்கு மூன்று தடவை போனாள். மூன்றாவது தடவை வாத்தியாருக்கே இவள்தான் சொல்லிக்கொடுத்தாளாம். நான் நம்புகிறேன்.

பிறகு பீட்ரூட் வயலை மழித்து சோலார் கம்பெனி வந்தது. கண்ணாடியின்மேல் தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு கனத்துக்கு ஒரு பூச்சு. வெயில் பட்டால் அது கரண்ட் தரும். நான் லேசர் மெஷினில். மார்லீஸ் பூச்சு மெஷினின் வாசலில், கண்ணாடிகளை உள்ளே அனுப்பும் இடத்தில். முதல் நாளே சொல்லிவிட்டாள்: "எக்கார்ட், பென்ஷன் வரைக்கும் இங்கதான். இங்கேர்ந்து என்னை யாராவது தூக்கிட்டுத்தான் போகணும்."

நான்கே வருடம். சீனாவிலிருந்து பாதி விலைக்கு சோலார் பலகை வந்து இறங்கியது, கம்பெனி நொடித்தது, கம்பெனியை விற்றுக் கடனைத் தீர்க்க நீதிமன்றம் ஒரு வக்கீலை மேலே உட்கார வைத்தது. அந்த வக்கீல் ஒரு வியாழக்கிழமை எங்களைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை கம்பெனியை வாங்க மூன்று பேர் வருகிறார்கள், அவர்கள் முன்னால் மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். வாங்கினால் முன்னூறு பேருக்கும் வேலை நிலைக்கும். மார்லீஸுக்கு ஐம்பத்து நாலு. இது போனால் அவளை இனி ஒருவரும் எடுக்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பழைய ஆட்சியில் சுப்போட்னிக் என்று ஒன்று இருந்தது. சனிக்கிழமை சம்பளமில்லாமல் போய் ஆலையைச் சுத்தம் செய்ய வேண்டும். போகாவிட்டால் கட்சிக்காரன் பெயரை எழுதிக்கொள்வான் என்று திட்டிக்கொண்டே போவோம். மார்லீஸ் கேன்டீன் கதவில் ஒரு சீட்டு ஒட்டினாள்: "சனிக்கிழமை சுப்போட்னிக். வாளி நீங்களே கொண்டு வாங்க." இருநூறு பேர் வந்தார்கள். உருளைக்கிழங்கு சாலட்டும் சாஸேஜும் வந்தன. ஆளாளுக்குத் துடைத்தோம், தேய்த்தோம், கிண்டல் செய்தோம். நான் அன்றைக்கு சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

எஞ்சினியர்களுக்கு சனிக்கிழமை விடுமுறை. தடுக்க ஆளில்லை. மார்லீஸ் வீட்டிலிருந்து எஃகுக்குப் போடும் பாலிஷ் எண்ணெய் ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தாள். மெஷின் வாசலில் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு போகும் உருளைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். விளக்கைப் பிடித்திருந்தவன் நான்.

"இதுல போடலாமா மார்லீஸ்?"

"என் வீட்டு சிங்க்கை வந்து பாரு. பதினஞ்சு வருஷமா மூஞ்சி தெரியுது."

"உன் மூஞ்சி தெரிஞ்சு என்ன லாபம்?"

"விளக்கை ஒழுங்காப் பிடிடா."

உருளைகள் வெள்ளிக் கரண்டி மாதிரி மின்னின.

திங்கட்கிழமை மூவரும் வந்தார்கள். மெஷின் சூடேறியது. எண்ணெயும் சூடேறி, ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருக்கிறது. முதல் கண்ணாடி வெளியே வந்ததும் எஞ்சினியர் பூச்சு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வழக்கம்போல ஒரு டேப்பை ஒட்டி இழுத்தார். பூச்சு முழுசாக டேப்போடு வந்தது. இரண்டாவது கண்ணாடியும் அப்படியே. ஐந்தாவதுக்குப் பிறகு அவர் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டார். வந்தவர்களில் ஒருவர் உருளையை விரலால் தடவிப் பார்த்து, தலையை ஆட்டி, போட்டோ எடுத்தார். சாயங்காலம் போய்விட்டார்கள்.

அக்டோபரில் மூடினார்கள். கடைசி நாள் கேன்டீனில் மார்லீஸ் எழுந்து நின்று, எண்ணெய் போட்டது நான்தான் என்று சொன்னாள். ஒருவரும் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாதிப் பேர் தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். விளக்குப் பிடித்த என்னைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

மார்ச்சில் ஆலை வாசலில் லாரிகள் நின்றன. மெஷின்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வக்கீலும் அங்கே இருந்தார். அந்த மூவரில் எவர் வாங்கியது என்று கேட்டேன்.

"மூணு பேரும் ஆரம்பத்துலேர்ந்தே மெஷினுக்காகத்தான் வந்தாங்க. ஆலையை நடத்தற எண்ணம் யாருக்குமே இல்ல. இவ்வளவு சுத்தமா வெச்சிருந்தீங்களா, நல்ல விலைக்குப் போச்சு," என்றார் சாதாரணமாக.

நான் மார்லீஸ் வீட்டுக்கு மூன்று மாடி ஏறி ஓடினேன். அவள் தலையிலிருந்த பாறையை இறக்கி வைக்கப் போகிறோம் என்ற நினைப்பு எனக்கு. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அன்னிக்குப் பூச்சு நல்லா ஒட்டியிருந்தா?"

"அப்பவும் மூடித்தான் இருப்பாங்க. உன்மேல தப்பே இல்ல மார்லீஸ்."

உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

"நான்தான் கெடுத்தேன்னு நெனச்சு நெனச்சு குளிர்காலம் பூரா தூங்கல. ஆனா, ஒழுங்கா செஞ்சிருந்தா காப்பாத்தியிருப்பேன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. இதை ஏன்டா வந்து சொன்ன?"

படியிறங்கி வந்துவிட்டேன்.

போன வாரம் கடையில் பால் அலமாரிக்கு முன்னால் யாரோ பின்னாலிருந்து என்மேல் மோதினார்கள். திரும்பினால் மார்லீஸ். அவள் முணுமுணுப்பு எனக்குக் கேட்கவேயில்லை.